மூன்று லிட்டர் தண்ணீர்: சேரியின் உடல்நலத்துக்கும் ஒரு வரலாறு உண்டு

கடந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆரணிக்கும் போளூருக்கும் இடையிலுள்ள திருமலையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் மருத்துவ முகாம் நடத்தினோம். வேப்பமரத்தடியில் இரண்டு மேசை, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, நமக்குத் தெரிந்த ஓர் இளம் மருத்துவர். அவ்வளவுதான் முகாம். வந்தவர்களில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். கூலிக்குத் தறி நெய்கிறவர்கள், நகரத்தில் குப்பை அள்ளுகிறவர்கள், ஆரணியின் பட்டுப்புடவைக் கடைகளில் விற்பனைக்கு நிற்கும் இளம் பெண்கள் இருந்தார்கள்.

மருத்துவர் நல்லவர். ஒவ்வொருவரிடமும் பொறுமையாகப் பேசினார். தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள், கீரையும் பழமும் சேர்த்துக்கொள்ளுங்கள், அரை மணி நேரம் நடங்கள், எட்டு மணி நேரம் தூங்குங்கள், டென்ஷன் ஆகாதீர்கள் என்றார். நீர்க்கடுப்பு என்று வந்திருந்த ஒரு பெண் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும் சார். கடையில எங்களுக்கு பாத்ரூம் கெடையாது. காலைல பத்து மணிக்குப் போனா ராத்திரி ஒம்போது மணிக்குத்தான் வூட்டுக்கு. அதனாலதான் நாங்க தண்ணியே குடிக்கிறதில்ல."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எல்லோருக்கும் அதே நோய், அதே காரணம். நடக்கச் சொன்னதற்கும் சிரிப்புத்தான். நாள் முழுக்க நிற்கிறவர்களின் கால்கள் வீங்கியிருந்தன. மருத்துவர் எழுதிய மாத்திரை ஐந்து நாளைக்குக் கேட்கும். ஆறாம் நாள் அவர்கள் அதே கடையில்தான் நிற்பார்கள்.

அன்று இரவு நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது எழுந்த கேள்விதான் இந்தக் கட்டுரை. உடம்பைப் பார்த்துக்கொள் என்ற அறிவுரைக்குள் குடிக்கத் தண்ணீர், ஒதுங்க இடம், வயிற்றுக்குச் சோறு, படுக்க வீடு, ஓய்வெடுக்க நேரம் ஆகிய ஐந்தும் ஏற்கெனவே இருப்பதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. நம் மக்களுக்கு இந்த ஐந்தும் எப்போது, யாருடைய போராட்டத்தால், எந்த அளவுக்குக் கிடைத்தன? உடல்நலத்தின் வரலாறு என்றால் மருத்துவமனைகளின் வரலாறு என்றே நமக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கிறது. நம் பகுதியில் அதை இந்த ஐந்தின் வரலாறாகவும் படிக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

மலையடிவாரத்தில் தொடங்குவோம்

திருமலை பழமையான சமணத் தலம். குன்றில் 16 அடி உயர நேமிநாதர் நிற்கிறார். ராஜராஜனின் அக்காள் குந்தவையின் பெயரால் அங்கே ஒரு ஜினாலயம் இருக்கிறது. ராஜேந்திர சோழனின் கங்கைப் படையெடுப்பைச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டும் இந்த மலையில்தான். வென்ற நாடுகளின் நீண்ட பட்டியலுக்குப் பிறகு அந்தக் கல்வெட்டு சொல்லவரும் செய்தி எளியது: வணிகர் ஒருவரின் மனைவி கோயில் விளக்குக்கும் திருவமுதுக்கும் காசு கொடுத்தார்.

சமணம் நான்கு தானங்களை வலியுறுத்தியது. உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி. மருந்தை அறமாக வைத்த மரபு நம் மண்ணில் இருந்தது என்பது மதிக்க வேண்டிய செய்தி. அதே சமயம் மருந்து யாருடைய கைக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியையும் கேட்க வேண்டும்.

இங்கிருந்து கிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. அங்குள்ள வீரராஜேந்திரன் காலத்து, அதாவது 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒரு மருத்துவமனையை விவரிக்கிறது. அதை ஆதுலர்சாலை என்கிறது. 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், ஓர் அறுவை மருத்துவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், ஒரு நாவிதர், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் என்று எல்லாம் அதில் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழனுக்கு மருத்துவமனை இருந்தது என்று மேடைகளில் பெருமையோடு சொல்வார்கள். அது கோயிலையும் அதன் வேதக் கல்லூரியையும் சேர்ந்தவர்களுக்கான மருத்துவமனை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதே 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், வரி நீக்கப்பட்ட நிலங்களை எண்ணிவரும்போது, ஊர்நத்தத்துக்குப் பக்கத்தில் பறைச்சேரியும் சில ஊர்களில் தீண்டாச்சேரியும் வருகின்றன. ஊர் வேறு, சேரி வேறு என்ற பிரிவு அப்போதே நில அளவையில் ஏறிவிட்டது. படுக்கைகள் ஊர்ப் பக்கம் இருந்தன.

நோயைத் தொட்டுப் பார்த்தவர்கள் யார் என்பது இதில் இன்னொரு முரண். கிராமங்களில் சிரங்கு, கட்டி, எலும்பு முறிவு என்று பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர்கள். இன்றும் அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயர் உண்டு. அவர்கள் வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாகப் பிள்ளைப்பேறு பார்த்தார்கள். தொப்புள்கொடி அறுப்பது, நஞ்சுக்கொடியைப் புதைப்பது, தீட்டுத்துணி எடுப்பது போன்ற வேலைகள் பல ஊர்களில் சேரிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. ஊரின் உடல்நலத்தைச் சுமந்த கைகளையே ஊர் தீண்டத்தகாதவை என்றது. இன்று நகராட்சிகளில் துப்புரவுப் பணி யார் தலையில் இருக்கிறது என்று பார்த்தால் இந்த வரலாறு முடிந்துவிடவில்லை என்பது தெரியும்.

ஓர் உடம்புக்கு எவ்வளவு சோறு?

உழைக்கும் உடம்புக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்ற கேள்வி சென்னை மாகாணத்தில் அரசாங்க விவாதமாக வெடித்தது 1877இல். 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுப் பஞ்சத்தின் நடுவில்.

பஞ்ச நிவாரணச் செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஒருவருக்கு நாள் முழுக்க மண்வெட்டும் உழைப்புக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று வைத்தார். ஒரு பவுண்டு என்பது அரை கிலோவுக்கும் குறைவு. பெண்களுக்கும் உழைக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஆர். கார்னிஷ் என்ற மருத்துவர் இதை எதிர்த்தார். உழைக்கும் உடம்பை ஒரு பவுண்டு தானியம் தாங்காது, பருப்பும் காய்கறியும் இல்லாவிட்டால் உடம்பு கரையும் என்று வாதிட்டார். முகாம்களில் சாவு கூடிக்கொண்டே போனது. 1877 மார்ச்சில் சென்னை அரசு அளவை ஒன்றேகால் பவுண்டாக உயர்த்தி, கொஞ்சம் பருப்பும் சேர்த்தது. கார்னிஷ் கேட்டதில் பாதித் தூரம்தான் அது.

நிவாரண வேலையில் மண் சுமந்தவர்களில் பெரும்பகுதி நிலமற்ற கூலிகள். நிலமற்ற கூலிகளில் நம் மக்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சத்துணவைப் பற்றி நாம் இன்று பேசும்போதெல்லாம் இந்த ஒரு பவுண்டை நினைவில் வைக்க வேண்டும். பட்டினியின் அளவைத் தீர்மானித்தவர் பட்டினி கிடந்தவர் இல்லை. அது ஒரு கணக்குப் பேரேட்டில் தீர்மானிக்கப்பட்டது.

மனை, கிணறு, தெரு

பஞ்சம் முடிந்து 13 ஆண்டுகள் கழித்து, 1891இல், செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதில் நாம் உடல்நலக் கண்ணோடு படிக்க வேண்டிய பகுதி குடியிருப்பைப் பற்றியது. குடிசை நிற்கும் மனை கூட மிராசுதாரின் கையில். எதிர்த்துப் பேசினால் குடிசை போகும். சொந்தமில்லாத மனையில் யார் கிணறு வெட்டுவார்கள், யார் சுவர் எழுப்புவார்கள்? 1892 செப்டம்பர் 30இல் வந்த அரசாணையின் வழியே ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் முறை தொடங்கியது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். பஞ்சமி நில மீட்பை நாம் சொத்துரிமைப் போராட்டமாக மட்டுமே பேசுகிறோம். ஈரமில்லாத தரையில் குழந்தை படுக்கும் உரிமையும் அதற்குள் இருக்கிறது.

அடுத்தது தண்ணீர். 1924 ஆகஸ்ட் 22இல் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொதுக் கட்டடம் எதையும் ஒடுக்கப்பட்டவர்கள் பயன்படுத்துவதை யாரும் தடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். செப்டம்பர் 25இல் அது அரசாணையானது. அண்ணல் அம்பேத்கர் மகாடு குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தது 1927 மார்ச் 20இல். அதற்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே இங்கே தண்ணீர் நம் சட்ட உரிமையாக எழுதப்பட்டுவிட்டது.

எழுதப்பட்டதும் கிடைத்ததும் ஒன்றல்ல என்பதை நாம் அனுபவத்தில் அறிவோம். ஆனால் அந்தத் தீர்மானத்தை வெறும் தீண்டாமை எதிர்ப்பாகப் படித்தால் பாதியைத்தான் படிக்கிறோம். காலராவும் வயிற்றுப்போக்கும் சேரியில் முதலில் புகுந்ததற்குக் காரணம் நம் மக்களின் அழுக்கு என்று சொல்லப்பட்டது. நல்ல கிணற்றை மூடிவிட்டு, மாடு குளிக்கும் குட்டையைக் காட்டிவிட்டு, அப்புறம் சுத்தமாக இல்லை என்று சொன்னார்கள். தாத்தாவின் தீர்மானம் அந்தப் பொய்க்கும் பதில்.

மருத்துவரான அயோத்திதாசரும் தங்கவயலின் நுரையீரல்களும்

பண்டிதர் அயோத்திதாசரை நாம் பௌத்தராக, சிந்தனையாளராக, பத்திரிகையாளராக அறிவோம். அவருடைய தொழில் சித்த மருத்துவம் என்பதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கி, பின்பு 'தமிழன்' என்ற பெயரில் 1914இல் அவர் மறையும்வரை இதழை நடத்தியவர், நாடி பார்த்து மருந்து கொடுத்த வைத்தியரும்கூட. அறிவு நமக்கு அந்நியம் என்று சொன்ன சமூகத்துக்கு நடுவில், ஓலைச்சுவடியும் மூலிகையும் மருந்துரலும் வைத்திருந்த ஒடுக்கப்பட்டவர் ஒருவர் வாழ்ந்தார். அவர் விதிவிலக்கு என்று நினைக்காதீர்கள். உங்கள் ஊரில் பாம்புக்கடிக்கும் மஞ்சள்காமாலைக்கும் மருந்து தெரிந்த தாத்தா பாட்டிகளை விசாரித்துப் பாருங்கள்.

அயோத்திதாசரின் இயக்கம் வேர்விட்ட இடங்களில் முக்கியமானது கோலார் தங்கவயல். அவர் மறைவுக்குப் பின் 'தமிழன்' இதழை அப்பாதுரையார் அங்கிருந்துதான் நடத்தினார். 1880களிலிருந்து அந்தச் சுரங்கங்களுக்குள் இறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலிருந்தும் போன நம் மக்கள். ஆண்டையின் நிலத்திலிருந்து தப்பிக்க அது ஒரு வழி. மாதச் சம்பளம், பள்ளிக்கூடம், பௌத்த சங்கம், தலைநிமிர்ந்து நடக்கத் தெரு எல்லாம் அங்கே கிடைத்தன.

விலை நுரையீரல். பாறையைத் துளைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி நெஞ்சில் படிந்து, சில ஆண்டுகளில் நுரையீரல் கல்லாகும். இதற்குச் சிலிகோசிஸ் என்று பெயர். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் பதிவானது 1934இல், கோலார் சுரங்கங்களில்தான். 1940களில் அங்கே ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் அந்த நோய் இருந்தது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. தப்பிப் போன இடத்திலும் சாதி நம்மை ஆழத்தில் இறக்கியது, தூசியைச் சுவாசிக்க வைத்தது. வீட்டில் ஒரு தாத்தா இருமி இருமிச் செத்தார் என்று சொல்லும் குடும்பங்கள் வட மாவட்டங்களில் ஏராளம். அந்த இருமலுக்குத் தொழில்நோய் என்று பெயர் என்பது பலருக்குத் தெரியாது.

கதவைத் தட்டாத பெண்

வேலூர் மருத்துவமனையின் தொடக்கக் கதை நம் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்தது. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் மிஷனரி வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் மேல்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில். ஆண் மருத்துவரை அனுமதிக்க மூவரும் மறுத்தார்கள். மருத்துவம் படிக்காத இளம்பெண் ஐடா ஸ்கடரால் எதுவும் செய்ய முடியவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து 1900இல் திரும்பினார். 1902இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை, 1909இல் செவிலியர் பள்ளி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று அவர் உழைப்பு வளர்ந்தது.

அந்த இரவின் கதையில் சேரிப் பெண் இல்லை. அந்த இரவில் சேரியில் யாருக்கும் வலி எடுக்கவில்லை என்று பொருளா? மருத்துவர் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்ற எண்ணமே வராத இடத்தில் அவள் இருந்தாள் என்றுதான் நாங்கள் படிக்கிறோம்.

அவளிடம் ஐடா போய்ச் சேர்ந்தது மருத்துவமனைக் கட்டடத்தின் வழியாக அல்ல, சாலை வழியாக. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே வேலூரிலிருந்து குடியாத்தம் சாலையில் வண்டியை ஓட்டிப் போய், மரத்தடிகளில் நிறுத்தி மருந்து கொடுக்கும் வழக்கத்தை அவர் தொடங்கினார். மரத்தடிக்கு வாசற்படி கிடையாது, திண்ணை கிடையாது. யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்ற கணக்கை அங்கே வைப்பது கடினம். மிஷனரிகளின் நோக்கங்களைப் பற்றி நமக்கு விமர்சனங்கள் இருக்கலாம். மருத்துவம் சேரிக்கு வர வேண்டுமென்றால் மருத்துவர் எழுந்து வர வேண்டும் என்ற பாடத்தை அந்தச் சாலை கற்பித்தது.

எட்டு மணி நேரம் யாருக்கு?

ஓய்வும் உடல்நலம்தான் என்பதைச் சட்டத்தின் மொழியில் பேசியவர் அண்ணல். 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்தபோது, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நன்மைக்கே என்று வாதிட்டார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தபோது, தொழிற்சாலைகளில் வாரம் 54 மணி நேரமாக இருந்த வேலையை 48ஆகக் குறைக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். 1948இன் தொழிற்சாலைச் சட்டத்தில் குடிநீர், கழிவறை, நின்று வேலை செய்வோர் உட்கார ஏற்பாடு எல்லாம் தனித்தனிப் பிரிவுகளாக எழுதப்பட்டன.

ஆனால் அந்தச் சட்டம் தொழிற்சாலைக்கானது. ஆரணியின் பட்டு தொழிற்சாலையில் நெய்யப்படவில்லை. வீட்டுக்குள் குழித்தறியில் நெய்யப்பட்டது. காலைக் குழிக்குள் விட்டு, குனிந்த முதுகோடு நாள் முழுக்க மிதியை மிதிக்கும் நெசவாளிக்குப் புடவைக் கணக்கில் கூலி. நெய்யாத நாளுக்குக் கூலி இல்லை. காய்ச்சல் வந்தால் பட்டினி. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தறியோடு ஆளையும் கட்டிப்போடும். இது எல்லாச் சாதி ஏழை நெசவாளிக்கும் பொருந்தும். 1973 முதல் ஆரணியை ஆராய்ந்துவந்த பார்பரா ஹாரிஸ்-ஒயிட் போன்றோரின் எழுத்துகள், இந்தியாவின் சிறுநகரப் பொருளாதாரம் பெரும்பாலும் சட்டங்கள் எட்டாத இந்தப் பரப்பில்தான் நடக்கிறது என்றும், சாதிதான் அதை ஒழுங்கு செய்கிறது என்றும் காட்டுகின்றன. ஆராய்ச்சி மாணவர்கள் அவற்றைத் தேடிப் படிக்க வேண்டும்.

கழனியில் நாற்று நடுகிற பெண்ணும், குப்பை வண்டி தள்ளுகிற பெண்ணும், புடவைக் கடையில் நிற்கிற பெண்ணும் அந்தத் தொழிற்சாலைச் சட்டத்தின் வெளியே நின்றார்கள். தொழிற்சாலையில் 1948இலேயே எழுதப்பட்ட உட்காரும் உரிமை கடை ஊழியருக்குத் தமிழ்நாட்டில் எழுதப்பட்டது 2021இல். இடையில் 73 ஆண்டுகள்.

மாத்திரையும் சோறும்

இன்னொரு வரலாறு, உலகமே சென்னையிடம் கற்றுக்கொண்டது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் படுக்கை, நல்ல சாப்பாடு, ஓய்வு. இன்னொரு பிரிவுக்கு நெரிசலான சொந்த வீட்டிலேயே மாத்திரை. 1959இல் முடிவு வெளியானது: வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள், வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடவுமில்லை. இடம் கிடைக்காமல் சானடோரியங்களின் வாசலில் காத்திருந்த ஏழைகளுக்கு இது விடுதலை.

இந்த நல்ல முடிவிலிருந்து சிலர் தவறான பாடத்தையும் எடுத்துக்கொண்டார்கள். மாத்திரை போதும், சோற்றையும் வீட்டையும் பற்றிக் கவலை வேண்டாம் என்பது அந்தப் பாடம். அதற்கான பதில் 2023இல் ஜார்க்கண்டிலிருந்து வந்தது. காசநோயாளிகளின் வீட்டில் இருப்பவர்களுக்கு மாதம் தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு என்று கொடுத்துப் பார்த்தார்கள். குடும்பத்தில் புதிதாக நோய் வருவது 39 முதல் 48 சதவீதம் வரை குறைந்தது. நோயைக் குணமாக்க மாத்திரை வேண்டும், நோய் வராமலிருக்கச் சோறு வேண்டும். 1877இல் கார்னிஷ் கேட்ட பருப்பு 2023இல் ஆய்வாக நிரூபணமாயிருக்கிறது.

இந்தக் கண்ணோடு பார்த்தால் 1956இல் காமராசர் காலத்தில் விரிந்த மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் கல்வித் திட்டங்கள் மட்டுமில்லை, மருத்துவத் திட்டங்களும்தான். தலித் பெண் சமைத்தால் என் பிள்ளை சாப்பிடாது என்று 2018இல் அவிநாசிப் பக்கம் ஒரு பள்ளியில் கிளம்பிய எதிர்ப்பு, அந்த மருந்துக் குப்பியில் விஷம் கலக்கும் செயல்.

மீண்டும் தண்ணீருக்கு

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்றார்கள். மருத்துவர்கள் தண்ணீரைப் பாருங்கள் என்றார்கள். மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது மனித மலம் கிடந்தது. 2025இல் தாக்கலான குற்றப்பத்திரிகை அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவரையே குற்றவாளிகள் என்றது. அந்த மக்கள் அதை ஏற்க மறுத்தார்கள். தாத்தாவின் தீர்மானத்துக்குப் பிறகு ஏறக்குறைய நூறு ஆண்டு. குழந்தையின் வயிற்றுப்போக்குக்குப் பின்னால் எதைத் தேட வேண்டும் என்பதை வேங்கைவயல் நமக்கு மீண்டும் கற்பித்தது.

நல்ல மாற்றங்களும் நடந்திருக்கின்றன, அவற்றை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எங்கள் முகாமுக்கு வந்த முதியவர்கள் பலரின் கையில் அந்த மாத்திரைகள் இருந்தன. குடியாத்தம் சாலையில் தொடங்கிய பாடம் அரசுத் திட்டமாகியிருக்கிறது. ஆனால் மாத்திரை கொண்டுவருகிறவரின் பதிவேட்டில் அழுத்தத்தின் அளவு இருக்கிறது, அழுத்தத்தின் காரணத்துக்குக் கட்டம் இல்லை. கடன், குழித்தறி, உட்கார முடியாத பத்து மணி நேரம், ஆண்டையின் மகன் போட்ட சத்தம் எதற்கும் அதில் இடம் இல்லை.

படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரியிலிருந்து கள ஆய்வுக்கோ முகாமுக்கோ போகும்போது, உயரம், எடை, ரத்த அழுத்தம் எழுதும் படிவத்தின் கீழே ஐந்து கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, வேறு யாரும் குடிக்கிற அதே தொட்டியா? வேலை செய்யுமிடத்தில் கழிவறை இருக்கிறதா, நீங்கள் அதைப் பயன்படுத்த விடுகிறார்களா? நேற்று என்ன சாப்பிட்டீர்கள்? மனை யார் பெயரில் இருக்கிறது? ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் என்ன ஆகும்? இந்த ஐந்துக்கும் பதில் எழுதிய பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். அறிவுரை மாறும். எங்கள் மருத்துவருக்கு மாறியது. அடுத்த முகாமில் அவர் தண்ணீரைப் பற்றிப் பேசுவதற்கு முன் கழிவறையைப் பற்றிக் கேட்டார்.

கடைப் பெண்களின் சார்பில் நாங்கள் 2021 சட்டத்தை எடுத்துக்கொண்டு கடை நடத்துகிறவர்களிடம் பேசினோம், மனுவும் கொடுத்தோம். அந்தப் பெண் வேலை செய்யும் கடையில் நான்கு நாற்காலிகள் வந்திருக்கின்றன. வாடிக்கையாளர் வரும்போது எழுந்து நின்றுவிட வேண்டுமாம். கழிவறை இன்னும் வரவில்லை. போன மாதம் பார்த்தபோது அவர் கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. பாதி குடித்திருந்தார். "பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ட்டு வர பத்து நிமிஷம் கேட்டு வாங்கியிருக்கோம்க்கா, மத்தியானத்துல ஒரு தடவ" என்றார்.

பத்து நிமிடம், ஒரு தடவை. இதுவும் கேட்டு வாங்கியதுதான். மீதியையும் கேட்க வேண்டும்.